பே டேட்: ‘ஊதியம் வழங்கு நாள்’ வேண்டாம், ‘சம்பளத் தேதி’ போதும்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்க நாடாளுமன்ற ஊழியர்களின் சம்பள விதிகளைத் தமிழாக்கும்போது ‘பே டேட்’ (pay date) என்பதற்கு ‘ஊதியம் வழங்கு நாள்’ என்று போடலாம் என நம் குழுவில் ஓர் ஐயா எழுதியிருந்தார்கள். நல்ல தமிழ்தான். ஆனால் இந்த இடத்தில் அது பொருந்தவில்லை.

அந்த நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டின் ஊழியர்களுக்கு மாதந்தோறும் 5, 20 ஆகிய தேதிகளில் சம்பளம். அந்தத் தேதி சனி, ஞாயிறிலோ அரசு விடுமுறையிலோ விழுந்தால், முந்தைய வேலைநாளிலேயே கொடுத்துவிடலாம். 2024 அக்டோபரைப் பாருங்கள்: 5 சனிக்கிழமை, 20 ஞாயிற்றுக்கிழமை. முந்தைய வேலைநாட்களான 4, 18 இரண்டுமே வெள்ளி. இப்போது ஐயாவின் சொல்லை வைத்து எழுதிப் பார்த்தேன்: ‘ஊதியம் வழங்கு நாள் விடுமுறையானால், ஊதியம் முந்தைய வேலைநாளில் வழங்கப்படும்.’ அன்று வழங்கவே இல்லை என்றால் அது எப்படி வழங்கு நாள் ஆகும்?

அதனால் விதியில் குறித்திருப்பது ‘சம்பளத் தேதி’, பணம் கைக்கு வருவது ‘பட்டுவாடா நாள்’ என்று பிரித்துவிடலாம். ‘சம்பளப் பட்டுவாடா’ நம் அலுவலகங்களில் புழங்கும் சொல்தானே. தேதி, பட்டுவாடா இரண்டும் தூய தமிழா என்று சிலர் கேட்பீர்கள். ‘ஒண்ணாந் தேதி எப்போது வரும்’ என்று காத்திருந்த வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். அந்தச் சொல்லை வெளியே தள்ள எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் ‘செமிமன்த்லி’, அதாவது மாதத்துக்கு இரண்டு முறை. நம் மொழிபெயர்ப்பு வரைவில் ‘இருமாத ஊதியம்’ என்று இருக்கிறது. தயவுசெய்து மாற்றுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சம்பளம் என்றல்லவா படிப்பவர் நினைப்பார்? கீழவையான பிரதிநிதிகள் அவையில் நெடுங்காலம் மாதக் கடைசியில் ஒரே சம்பளம்தான். நாடாளுமன்றத்தை நவீனமாக்க 2019இல் அந்த அவை அமைத்த சிறப்புக் குழு அதை மாதத்துக்கு இரண்டாக்கப் பரிந்துரைத்தது. அந்தச் செய்தியையே நம் சொல் தலைகீழாக்கிவிடும். பத்திரிகை அட்டைகளில் ‘மாதமிருமுறை’ என்று பார்த்திருக்கிறோம். அதையே எடுத்துக்கொள்வோம்: மாதமிருமுறைச் சம்பளம், ஆண்டுக்கு 24. ‘பைவீக்லி’ வேறு. அது இருவாரச் சம்பளம், வழக்கமாக ஆண்டுக்கு 26. அமெரிக்க மத்திய அரசின் நிர்வாகத் துறை ஊழியர்கள் பொதுவாகப் பெறுவது இந்த வகை.

ஒரு சம்பளம் எந்த நாட்களின் வேலைக்கு உரியதோ, அந்தக் காலம்தான் ‘பே பீரியட்’. அதற்கு இப்போதைக்குச் ‘சம்பளக் காலம்’ என்று வைத்திருக்கிறேன். செனட்டில் 5ஆம் தேதி வருவது முந்தைய மாதத்தின் பின்பாதிக்கான சம்பளம். அதனால் தேதியையும் காலத்தையும் தனித்தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. இதைவிடக் கச்சிதமான சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.