வெளி ஹார்ட் டிஸ்க்கில் சீரான இடைவெளியில் தட்டும் சத்தம்

கேள்வி (உப்புவெளியிலிருந்து)

வணக்கம். எங்கள் வீட்டில் உள்ள 2 டெராபைட் வெளி ஹார்ட் டிஸ்க், தனி அடாப்டர் இல்லாமல் யூ.எஸ்.பி. வயரில் மட்டும் இயங்கும் சிறிய வகை, நேற்று மாலை முதல் ஒரு புதுச் சத்தம் எழுப்புகிறது. இணைத்தவுடன் சுழலும் இரைச்சல் வழமைபோலவே கேட்கிறது. அதன்பின் ‘டிக், டிக், டிக்’ என்று சுவர்க்கடிகாரத்தை விடச் சற்று மெதுவாகத் தட்டிவிட்டு, இரைச்சல் அடங்கி, மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. விண்டோஸில் அதன் பெயர் சில வேளைகளில் தோன்றினாலும், திறப்பதற்குள் மறைந்துவிடுகிறது. அது கீழே விழவும் இல்லை, நனையவும் இல்லை.

அப்பா நகரில் ஸ்டூடியோ நடத்திய காலத்து நெகட்டிவ்களை ஸ்கேன் செய்து அதில்தான் வைத்திருக்கிறோம். நெகட்டிவ்கள் பூஞ்சணம் பிடித்துப் பெரும்பாலும் அழிந்துவிட்டன. வேறு பிரதி இல்லை. இந்தச் சத்தம் எதைக் குறிக்கிறது, வேறு கணினியில் போட்டுப் பார்க்கலாமா, அல்லது இனித் தொடவே கூடாதா என்பதை அறிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

மறுமொழி 1 (கணினி திருத்துபவர், திருகோணமலை நகர்)

முதலில் அதைக் கழற்றி வையுங்கள். என்ன செய்வது என்று நாம் கதைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அது இயங்கிக்கொண்டிருக்கக் கூடாது.

இந்த வகை டிஸ்க்குகளில் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 5400 சுற்று சுழல்பவை. உள்ளே தரவு பதிந்திருக்கும் வட்டத் தட்டு வேகம் பிடித்த பிறகுதான் வாசிக்கும் முனை தன் ஒதுக்கிடத்தை விட்டுத் தட்டின் மேல் வந்து, அங்கே தொழிற்சாலையிலேயே எழுதப்பட்ட இடக்குறிகளைத் தேடும். அவற்றை வாசிக்க முடியாவிட்டால் முனையைத் தாங்கும் கை பின்வாங்கி மறுபடியும் முயலும்; நீங்கள் கேட்கும் தட்டல் அந்தப் பின்வாங்கல்தான். முனை பழுதானாலும் இது நடக்கும், மின்சாரம் போதாமல் போனாலும் இதே மாதிரித்தான் நடக்கும். உங்கள் டிஸ்க்கில் இரைச்சல் அடங்கி மீண்டும் தொடங்குவதால் இரண்டாவது காரணத்தை நான் தள்ளிவிட மாட்டேன். யூ.எஸ்.பி. 2.0 துறை (கணினியில் வயரைச் செருகும் இடம்) 500 மில்லி ஆம்பியருக்கும் 3.0 துறை 900 மில்லி ஆம்பியருக்கும் வகுக்கப்பட்டவை; ஆனால் தட்டு சுழலத் தொடங்கும் கணத்தில் பல டிஸ்க்குகள் ஒரு ஆம்பியரை நெருங்கி இழுக்கும். பழைய மடிக்கணினியும் நீளமான வயரும் சேர்ந்தால் அது கிடைக்காது. நம் ஊர்க் கடற்காற்றில் வயரின் முனைகளில் பச்சை படிவதையும் கடையில் அடிக்கடி காண்கிறேன்.

ஆகவே, நல்ல குட்டையான வேறொரு வயரை எடுத்து, ஹப் எதுவும் இடையில் இல்லாமல், மேசைக் கணினியின் பின்பக்கத் துறையில் ஒரே ஒரு தடவை இணைத்துப் பாருங்கள். தட்டல் தொடர்ந்தால் உடனே கழற்றிவிடுங்கள். உராயும் சத்தம் கேட்டால் அந்த ஒரு தடவைகூட வேண்டாம். முனை தட்டைத் தொடுகிறது என்று பொருள், ஒவ்வொரு சுற்றிலும் படங்கள் தூளாகும். சுழலாமல் ‘பீப்’ என்று மட்டும் ஒலித்தால், அது தட்டு இறுகிக்கிடக்க மோட்டார் அதைச் சுழற்ற முயலும் ஒலி. அதற்குள் ஒலிபெருக்கி எதுவும் கிடையாது.

மறுமொழி 2 (கிண்ணியாவிலிருந்து)

இப்படித் தட்டிய டிஸ்க்கைப் பொலித்தீன் பையில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் சிறிது நேரம் வேலை செய்யும் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். பெயர் தோன்றும் நேரத்தில் விண்டோஸின் செக்டிஸ்க்கை ஓட்டிப் பிழைகளைத் திருத்துவதும் ஒரு வழி அல்லவா?

மறுமொழி 3 (நிலாவெளியிலிருந்து)

மன்னிக்க வேண்டும், இரண்டையும் நான் கடுமையாக மறுக்கிறேன். இந்த டிஸ்க்குகளுக்குள் காற்று போய்வரச் சிறு துளை உண்டு. வடிகட்டி தூசியைத் தடுக்கும்; ஈரப்பதத்தை முழுமையாகத் தடுக்காது. குளிர்ந்த உலோகத்தை நம் கடற்கரை ஈரக்காற்றில் வெளியே எடுத்தால் தட்டின் மேலேயே நீர் பூக்கும், முனையோ தட்டிலிருந்து சில நானோமீட்டர் உயரத்தில் பறப்பது. செக்டிஸ்க்கோ படங்களை மீட்பதற்கு எழுதப்பட்டதல்ல. கோப்பு அட்டவணையை ஒழுங்குபடுத்துவதற்காக டிஸ்க்கில் எழுதும். வாசிக்கவே திணறும் டிஸ்க்கில் எழுத விடுவது, மீட்கக்கூடிய கோப்புகளின் தடத்தையும் அழித்துவிடும்.

பெட்டியை உடைத்து உள்ளே இருப்பதை நேரடியாகக் கணினியில் பொருத்தலாம் என்று யாராவது சொன்னால் அதையும் கேட்காதீர்கள். இக்காலத்துச் சிறிய டிஸ்க்குகள் பலவற்றில் யூ.எஸ்.பி. துறை மின்சுற்றுப் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். கழற்றிப் பொருத்த வேறு இணைப்பே இராது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. புதிய வயரில், அண்ணா சொன்னபடி பின்பக்கத் துறையில் இணைத்தேன். ஓரிரு தடவை தட்டிவிட்டு அமைதியாகி, கோப்புறைகள் தெரிந்தன. டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருள் மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டியது. C5 என்று குறித்த வரியில் சுழியம் இல்லை. உடனே கழற்றிவிட்டேன்.

மறுமொழி 1

நல்ல வேலை செய்தீர்கள். C5, அதாவது 197ஆம் இலக்கம், என்பது வாசிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகளின் எண்ணிக்கை. ஆகவே வயர் மட்டும் காரணமல்ல, தட்டிலோ முனையிலோ தளர்ச்சி தொடங்கிவிட்டது. ஆனாலும் வாசிக்கிறது, அந்த வாய்ப்பை வீணாக்கக் கூடாது.

கோப்புகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 2 டெராபைட்டைவிடப் பெரிய வேறொரு டிஸ்க்கை ஆயத்தமாக வைத்து, பென் டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கி, டிடிரெஸ்கியூ என்னும் கருவியால் முழு டிஸ்க்கையும் படிமமாக, அதாவது அப்படியே ஒரே கோப்பாக, எடுங்கள். அது இலகுவாக வாசிக்கக்கூடிய இடங்களை முதலில் எடுத்து, திணறும் இடங்களைத் தாண்டிப் போய், பிறகுதான் அவற்றுக்குத் திரும்பும். எது எடுக்கப்பட்டது என்பதைப் பதிவுக் கோப்பு ஒன்றில் குறித்துக்கொள்வதால், இடையில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்தப் பதிவுக் கோப்பைப் பழைய டிஸ்க்கில் வைக்காதீர்கள். மூலம் எது, பிரதி எது என்பதை எண்டரை அழுத்துமுன் கொள்ளளவைக் கொண்டு சரிபாருங்கள். எடுத்த படிமத்திலிருந்து படங்களைப் பிரிப்பது அவசரமில்லை, அதைப் பிறகு பார்ப்போம்.

டிஸ்க்கை மின்விசிறிக்கு முன்னால், அசையாத மேசையில் வையுங்கள். சீரான தட்டல் மறுபடி தொடங்கி நிற்காவிட்டால் உடனே நிறுத்திவிட்டு, கொழும்பில் தூசியற்ற அறை உள்ள மீட்பகம் ஒன்றுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அப்படிப் போவதானால் நுரைப்பஞ்சில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போங்கள். சாமான் தட்டில் வைக்காதீர்கள்.