புதுப்பிப்பு: ஏறிய புருவம் இறங்கிவிட்டது

நெற்றிச் சுருக்கத்துக்கு போடாக்ஸ் (தசையைத் தளர்த்தும் ஊசி) போட்ட ஆறாம் நாள் இடது புருவம் மட்டும் வில்லாக ஏறிக்கொண்டது என்று புலம்பியிருந்தேனே, அது சரியாகிவிட்டது. மருந்து முழுதாகப் பிடிக்க 14 நாள் பொறுக்கச் சொன்னவர்களுக்கு நன்றி. பதினைந்தாம் நாள் மருத்துவர் அந்தப் புருவத்துக்கு மேலே 2 யூனிட் மட்டும் போட்டார். புருவத்தைத் தூக்குவது நெற்றித் தசைதான்; அதன் நடுப்பகுதி அடங்கிவிட, ஓரம் மட்டும் அடங்காமல் இழுத்திருக்கிறது. நான்கு நாளில் இறங்கியது. (அதுவரை யார் எதைச் சொன்னாலும் நம்பாதவள்போலத் தெரிந்தேனாம், மாமியார் இரண்டு முறை கோபித்துக்கொண்டார்.)

ஒரே ஏமாற்றம்: சும்மா இருக்கும்போதும் தெரிகிற ஆழமான கோடு மங்கியதே தவிர மறையவில்லை. அதற்கு மருத்துவர் சொன்னபடி இரவில் ட்ரெடினாயின் (வைட்டமின் ஏ வகைப் பூச்சு மருந்து), பகலில் சன்ஸ்கிரீன். பலன் தெரிய மாதக்கணக்காகுமாம். போடாக்ஸோ 3, 4 மாதத்தில் தேய்ந்துவிடும். மறுபடி போடுவேனா? பர்ஸைக் கேட்டுச் சொல்கிறேன்.