அம்மம்மாவின் கல்வெட்டும் மான் நிற்கிற படமும்

(குழு: உப்புவெளி வீடு)

சின்ன மாமா: அச்சகத்தில் நிற்கிறேன். தம்பி அனுப்பின படம் இங்கே திறக்கவில்லை, வெறும் சாம்பல் கட்டம்தான் தெரிகிறது. நாளை மத்தியானத்துக்குள் கொடுக்காவிட்டால் அம்மாவின் 31ஆம் நாள் கிரியைக்குக் கல்வெட்டுப் புத்தகம் கையில் வராதாம்.

பெரியம்மா: எந்தப் படம்

சின்ன மாமா: கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் கோட்டைக்குள் எடுத்தது. மான் நிற்கிறது.

மச்சாள்: ஐயோ, சீலையைத் தின்ற மான்!

கனடாத் தம்பி: நேற்றே அனுப்பினேன்தானே மாமா

சின்ன மாமா: நேற்று வந்தது சின்னப் படம். பெருப்பித்தால் அம்மாவின் முகம் கலங்குகிறது. அதனால்தான் டொக்கியுமென்டாக அனுப்பச் சொன்னேன். இப்போது அதுவும் இல்லை, இதுவும் இல்லை.

கண்ணன் அண்ணா: கோப்பின் பெயரில் கடைசியாக என்ன இருக்கிறது?

சின்ன மாமா: புள்ளி எச் ஈ ஐ சி

கண்ணன் அண்ணா: நினைத்தேன். மாமா, அச்சகத்துக்காரரில் பிழை இல்லை. 2017இல் வந்த ஐஓஎஸ் 11இலிருந்து ஐபோன் படத்தை ஜேபெக்காக வைக்காமல் இப்படித்தான் வைக்கிறது, இடம் ஏறக்குறைய பாதிதான் பிடிக்கும். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப்பே ஜேபெக்காக்கி, நசித்து அனுப்பிவிடும். டொக்கியுமென்டாக அனுப்பினால் உள்ளதை உள்ளபடி தரும். இதற்குள் படத்தைச் சுருக்குகிற முறைக்கு எச்.ஈ.வி.சி என்று பெயர், வீடியோவுக்கென்று செய்தது, பல கொம்பனிகளின் காப்புரிமை அதில் இருக்கிறது, தங்கள் சாமானுக்குள் போடுகிறவர்கள் உரிமக் காசு கட்ட வேண்டும். அச்சகக் கொம்பியூட்டரில் இருப்பதோ விண்டோஸ் இல்லை, ஃபெடோரா லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளம். யாரும் யாருக்கும் சும்மா பிரதி எடுத்துக் கொடுக்கிற சாமானில் எத்தனை பிரதி போனது என்று யார் எண்ணுவது, யார் கட்டுவது? அதனால் ஃபெடோராக்காரர் எச்.ஈ.வி.சியைத் திறக்கிற துண்டை எடுத்துவிட்டுத்தான் தருகிறார்கள்.

பெரியம்மா: வடை 150 காணுமா

சின்ன மாமா: அந்த லினக்ஸைப் போட்டுக் கொடுத்ததே நீதான் என்கிறார்

கண்ணன் அண்ணா: ஓம், நான்தான். அவரிடம் இருந்த திருட்டு விண்டோஸ் மாதத்துக்கு ஒருதரம் படுத்துவிடும், அப்போதெல்லாம் ராத்திரி ராத்திரியாகப் போய் இருந்தது யார்?

மச்சாள்: தொடங்கிவிட்டார்கள்

கனடாத் தம்பி: என் போன், என் அம்மம்மா. இதில் யாருக்குக் காப்புரிமை??

கண்ணன் அண்ணா: படம் உன்னுடையதுதான், சுருக்குகிற வழிதான் அவர்களுடையது. இது பழைய கதை. 1987இல் கொம்பியூசேர்வ் என்கிற அமெரிக்கக் கொம்பனி ஜிஃப் என்ற பட வகையை வெளியிட்டது, எல்லாரும் தங்கள் புரோகிராம்களில் அதைச் சேர்த்துக்கொண்டார்கள். 1994 கடைசியில் யுனிசிஸ் என்கிற இன்னொரு கொம்பனி, உள்ளே இருக்கிற எல்.இசட்.டபிள்யூ என்ற சுருக்குகிற முறை எங்களுடையது, காசு கட்டுங்கள் என்று வந்தது. ஏழு வருசமாக வீடு கட்டிக் குடியிருக்கிறவன் வாசலில் உறுதிப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து காணி என்னுடையது என்கிற மாதிரி.

சின்ன மாமா: யாரைச் சொல்கிறாய்

கண்ணன் அண்ணா: யுனிசிஸை

சின்ன மாமா: ஓர்ஸ் ஹில் காணியைப் பற்றிப் பேசுவதென்றால் நேரே பேசு

பெரியம்மா: அம்மாவின் 31 முடியட்டும். கிரியைக்குக் கன்னியா வெந்நீர்க் கிணற்றடிக்குப் போக வான் பேசியாச்சா?

மச்சாள்: வானா, இரண்டு ஓட்டோ போதாதா

கனடாத் தம்பி: பிறகு ஜிஃப்புக்கு என்ன நடந்தது

கண்ணன் அண்ணா: கோபம் வந்தவர்கள் சேர்ந்து காப்புரிமைத் தொல்லை இல்லாத பி.என்.ஜி என்ற பட வகையைச் செய்தார்கள், 1996இல் வந்தது, இன்றைக்கும் பாவிக்கிறோம். யுனிசிஸின் காப்புரிமை அமெரிக்காவில் 2003இல் காலாவதியாகிவிட்டது. இந்த முறையும் அப்படித்தான், உரிமக் காசு இல்லாமல் ஏவிஐஎஃப் என்று ஒரு பட வகை 2019இல் வந்திருக்கிறது, ஆனால் உன் போன் அதில் படம் எடுப்பதில்லையே.

மச்சாள்: அண்ணா, நாளை மத்தியானம்!

கண்ணன் அண்ணா: வருகிறேன். லிப்ஹெய்ஃப் என்று இலவச நிரல் இருக்கிறது, என் லப்டொப்பில் போட்டு வைத்திருக்கிறேன். நிரல் இலவசம், காப்புரிமை வேறு, அதுதான் சிக்கல். ஜேபெக்காக மாற்றிப் போடுகிறேன். தம்பி, செட்டிங்ஸில் கேமரா, ஃபோர்மட்ஸ் என்று போய் மோஸ்ட் கொம்பாட்டிபிள் என்பதைத் தொடு. இனி எடுப்பது ஜேபெக்காக வரும். எடுத்தது மாறாது.

கனடாத் தம்பி: வேலையில் நிற்கிறேன், பிறகு பார்க்கிறேன்

கண்ணன் அண்ணா: [படம்] மாமா, இதே கோப்பை டொக்கியுமென்டாகவும் அனுப்பியிருக்கிறேன், அதைக் கொடுங்கள்

மச்சாள்: மூக்குத்தி கூடத் தெரிகிறது

பெரியம்மா: மானை எப்படி முறைக்கிறா பார்

சின்ன மாமா: திறந்துவிட்டது. மானை வெட்டிவிடச் சொல்கிறேன்.

பெரியம்மா: வெட்டினால் சீலைத் தலைப்பும் போகும், அதன் வாயில்தானே இருக்கிறது

கனடாத் தம்பி: மாமா, மான் இருக்கட்டும்

சின்ன மாமா: கல்வெட்டில் மானா? ஐயர் என்ன சொல்வார்

மச்சாள்: அன்றைக்கு அவருடைய வாழைப்பழத்தையும் அதுதான் தின்றது

சின்ன மாமா: அச்சகம் பூட்டப் போகிறார்கள். காலையில் பார்ப்போம்.

பெரியம்மா: வடை 150 காணுமா என்று கேட்டேன்