கலைச்சொல் முன்மொழிவு: ‘ரீஆக்டிவேஷன்’ என்பதற்கு ‘உரிம மறுபிணைப்பு’

அன்பர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் போன்ற இயங்குதளத்தை அழித்துவிட்டு மறுபடி நிறுவிய பின் அதன் உரிமத்தை மீண்டும் உறுதிசெய்துகொள்ளும் செயலுக்கு, அதாவது நாம் ‘ரீஆக்டிவேஷன்’ என்று சொல்லிக்கொண்டிருப்பதற்கு, மறுசெயலாக்கம், மீளியக்கம், மீளுயிர்ப்பு ஆகிய மூன்று சொற்கள் நம் கலைச்சொல் பட்டியலுக்காக இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. தருமபுரியில் கணினி பழுதுபார்க்கும் கடை நடத்துபவன் என்ற முறையில் மூன்றையும் ஏற்கத் தயங்குகிறேன்.

‘செயலாக்கம்’ கணினித்தமிழில் ஏற்கெனவே வேறொரு பொருளில் நிலைத்துவிட்டது. தரவுச் செயலாக்கம், மொழிச் செயலாக்கம் என்று எழுதிப் பழகியவர்கள் ‘மறுசெயலாக்கம்’ என்பதைப் படித்தால், தரவை இரண்டாம் முறை அலசுவதாகவே கொள்வார்கள். ‘மீளியக்கம்’ கணினியை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குவதைக் குறிப்பதாகவே தோன்றும். ‘மீளுயிர்ப்பு’ செவிக்கு இனியது. ஒரு காலத்தில் பொருளும் ஓரளவு பொருந்தியிருக்கும். 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி 30 நாள் அவகாசம் தந்து, அதற்குள் உறுதிசெய்யாவிட்டால் உள்ளே நுழையவே விடாது. இன்றைய விண்டோஸ் 10, 11 ஆகியவை அப்படி முடங்குவதில்லை. திரையின் வலப்பக்கக் கீழ்மூலையில் மங்கலான எழுத்துகள் தோன்றும். பின்னணிப் படம், வண்ணம் முதலியவற்றை அமைப்புகளில் மாற்ற முடியாது. மற்ற வேலைகள் நடந்துகொண்டேயிருக்கும். சாகாத ஒன்றை உயிர்ப்பிப்பது எப்படி?

பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் கணினியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் “ஃபார்மேட் அடிச்சு ஓஎஸ் போட்டுக் குடுங்கண்ணா” என்பார்கள். சில நாள் கழித்து, “மூலையில ஏதோ எழுத்து வருதுங்க, அதை எடுத்துடுங்க” என்று திரும்ப வருவார்கள். ‘ஆக்டிவேட்’ என்னும் சொல் அவர்கள் வாயில் வருவதேயில்லை. ஆகவே, ஆங்கிலச் சொல்லின் பகுதி என்ன, விகுதி என்ன என்று ஆராய்வதை விட்டுவிட்டு, அந்த எழுத்து ஏன் வருகிறது, எதனால் போகிறது என்பதை விளக்கும் சொல்லைத் தேடுவதே முறை என்பது என் கருத்து.

உள்ளே நடப்பது இதுதான். எழுத்தும் எண்ணுமாக 25 குறிகள் கொண்ட திறவுகோலையோ (புராடக்ட் கீ) மின்னுரிமத்தையோ, கணினியின் வன்பொருள்களைக் கொண்டு கணித்த ஓர் அடையாளத்தோடு சேர்த்து, மைக்ரோசாஃப்டின் வழங்கி (சர்வர்) குறித்துவைத்துக்கொள்கிறது. இன்ன உரிமம் இன்ன கணினிக்கு என்று முடிச்சிடுவதே அதன் வேலை. நிரலை ஓடவைப்பதோடு அதற்கு நேரடித் தொடர்பு இல்லை. ஆதலால் ‘ஆக்டிவேஷன்’ என்பதற்கு ‘உரிமப் பிணைப்பு’ என்றும், ‘ரீஆக்டிவேஷன்’ என்பதற்கு ‘உரிம மறுபிணைப்பு’ என்றும் முன்மொழிகிறேன். ‘உரிமப் பதிவு’ என்று சொன்னால் ஆகாதா என்று கேட்கக்கூடும். எக்ஸ்பி காலத்திலேயே பதிவு என்பது பெயர், முகவரி முதலியவற்றைத் தருகிற, விருப்பத்துக்கு விடப்பட்ட தனிச் செயலாக இருந்தது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

இச்சொல்லின் பயன், இயங்குதளத்தை மறுபடி நிறுவும்போதுதான் முழுமையாகத் தெரிகிறது. ஒரே மனையில் பழைய வீட்டை இடித்துப் புது வீடு கட்டினால் யாரும் புதுப் பட்டா கேட்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடப்பதில்லை. மனை மாறினால் நடந்தே ஆகவேண்டும். இங்கே தாய்ப்பலகைதான் (மதர்போர்டு) மனை. வட்டை முழுவதும் அழித்துவிட்டு விண்டோஸ் 10ஐ நிறுவினாலும், முன்பு பிணைக்கப்பட்டிருந்த அதே பதிப்பாக இருந்தால், நிறுவும்போது திறவுகோல் கேட்கும் இடத்தில் ‘என்னிடம் இல்லை’ என்று சொல்லிக் கடந்துவிடலாம். இணையத்தில் இணைந்தவுடன் பிணைப்பு தானாகக் கூடிவிடும். விண்டோஸ் 8 வந்த 2012 முதல் உரிமத்தோடு விற்கப்பட்ட பெரும்பாலான மடிக்கணினிகளில் திறவுகோல் தாய்ப்பலகையின் நிலைபொருளிலேயே (ஃபர்ம்வேர்) எழுதப்பட்டிருப்பதால், நிறுவல் நிரல் அதைத் தானே படித்துக்கொள்ளும்.

‘அதே பதிப்பு’ என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கிவரும் பழைய மடிக்கணினிகள் எங்கள் பக்கம் ஏராளம். ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் உரிமத்தோடு பிறந்த கணினியில் யாரோ புரோ பதிப்பை ஏற்றியிருப்பார்கள். அதை எத்தனை முறை அழித்து நிறுவினாலும் மூலையிலுள்ள எழுத்து போகாது. கட்டளைச் சாளரத்தில் ‘எஸ்எல்எம்ஜிஆர் /டிஎல்ஐ’ என்று ஆங்கிலத்தில் தட்டினால், எந்தப் பதிப்பு, எவ்வகை உரிமம், பிணைப்பு உள்ளதா என்பவற்றை ஒரு சிறு பெட்டி காட்டும். பதிப்பைச் சரிசெய்து நிறுவினால் அத்தோடு தீர்ந்தது.

தாய்ப்பலகையையே மாற்றியிருந்தால் கதை வேறு. கடையில் தனியாக வாங்கிய உரிமமாக இருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு முன்கூட்டியே சேர்க்கப்பட்டிருந்தால், விண்டோஸின் சிக்கல் தீர்ப்பானில் (ட்ரபிள்ஷூட்டர்) ‘அண்மையில் வன்பொருளை மாற்றினேன்’ என்பதைத் தேர்ந்து புதுப் பலகையோடு பிணைக்கலாம். இவ்வசதி 2016இல் வந்தது. கணினியோடு சேர்ந்து வந்த உரிமம் பொதுவாக அக்கணினியோடு முடிந்துவிடும்.

இந்த இரண்டு நிலைகளையும் ஆங்கிலம் ஒரே சொல்லால் குறிக்கிறது. தமிழுக்கு அந்த நெருக்கடி இல்லை. மறுமணம், மறுதேர்வு என்பவற்றில் ‘மறு’ இரண்டாவதாக, புதிதாக ஒன்றைச் செய்வதைக் குறிக்கிறது. மீள்குடியேற்றம் என்பதில் ‘மீள்’ முன்பிருந்த இடத்துக்கே திரும்புவதைக் குறிக்கிறது. ஆகவே வன்பொருள் மாறியபின் பயனர் முயன்று செய்வதை ‘மறுபிணைப்பு’ என்றும், அதே கணினியில் தானாகக் கூடுவதை ‘மீள்பிணைப்பு’ என்றும் பிரித்தாளலாம். நடைமுறையில் மக்கள் இரண்டையும் கலந்துதான் பேசுவார்கள் என்பதை அறிவேன். பயனருக்கான திரையில் ‘மறுபிணைப்பு’ ஒன்றையே வைத்துக்கொண்டு, தொழில்நுட்பக் கையேடுகளில் மட்டும் இவ்வேறுபாட்டைப் பேணினால் போதும்.

எதிர்ப்புகளையும் சொல்லிவிடுகிறேன். ‘பிணை’ என்றதும் நீதிமன்றப் பிணை நினைவுக்கு வரும் என்பது பெரிய தடையாகத் தோன்றவில்லை; ‘உரிமம்’ முன்னால் நிற்கும்வரை யாரும் மயங்கமாட்டார்கள். சிம் அட்டை, வங்கி அட்டை ஆகியவற்றின் ‘ஆக்டிவேஷன்’ வேறு. அவற்றுக்குச் ‘செயற்படுத்தல்’ என்பதே இருக்கட்டும். எல்லா இடத்துக்கும் ஒரே சொல் வேண்டும் என்னும் பிடிவாதத்தால்தான் நம் சொற்பட்டியல்கள் பல இடங்களில் கரடுமுரடாகக் கிடக்கின்றன.

எனக்கே நிறைவு தராத இடம் ஒன்று உண்டு. நிறுவனங்களிலும் கல்லூரிகளிலும் பயன்படும் கேஎம்எஸ் முறையில், உள்வலையமைப்பிலுள்ள வழங்கியிடமிருந்து ஒவ்வொரு கணினியும் 180 நாளுக்கு மட்டும் ஒப்புதல் பெற்று, இடையிடையே புதுப்பித்துக்கொள்கிறது. அத்தகைய கணினிகள் 25 சேர்ந்த பின்னரே வழங்கி ஒப்புதல் தரத் தொடங்கும். தவணை வைத்துக் கொடுப்பதைப் பிணைப்பு என்பது சரியாகப் படவில்லை. ‘தவணை உரிமம்’ எனலாமா, ‘உரிமக் குத்தகை’ எனலாமா என்று ஊசலாடுகிறேன். ஓசூர்ப் பக்கம் தொழிற்சாலைகளில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அன்பர்கள் இதில் கருத்துச் சொன்னால் பட்டியலில் சேர்க்கும் முன் முடிவு செய்யலாம்.