ரெண்டு வருஷம் தாங்கிய போன் எது? வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்

கோவில்பட்டிக்காரர்:

போன வாரம் காலையில் அலாரத்தை நிறுத்தப் போனை எடுத்தால், திரையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு. நூல் அளவுதான். துடைத்தேன், அணைத்துப் போட்டேன், போகவில்லை. மதியத்துக்குள் பக்கத்திலேயே இன்னொன்று, ரோஸ் நிறத்தில். வாங்கியது 27,000 ரூபாய்க்கு. வாங்கிப் பதினாறு மாதம், வாரண்டி முடிந்து நான்கு மாதம். கீழே போட்டதில்லை, தண்ணீர் பட்டதில்லை. முந்தின நாள் ராத்திரி ஒரு அப்டேட் போட்டேன், அவ்வளவுதான் நான் செய்த பாவம்.

சர்வீஸ் சென்டருக்குத் திருநெல்வேலி போக வேண்டும். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் என் போனை எட்டிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, உங்களுக்குமா?" என்று தன் போனைக் காட்டினார். அதே மாடல், அதே கோடு. கவுண்டரில் இருந்த தம்பி, "காம்போ, அதாவது டச்சோட முழுத் திரையையும் மாத்தணும் சார், 11,800 ஆகும்" என்றார். திரும்பி பஸ் ஏறிவிட்டேன்.

இந்தப் போனை வாங்குவதற்கு முன்னால் நான் பார்க்காத ரிவ்யூ இல்லை. எல்லாம் போன் வெளிவந்து பத்து நாளில் போட்டவை. தலைதீபாவளிக்கு வந்திருக்கும் மாப்பிள்ளையிடம் மாமியார் வீடு எப்படி என்று கேட்ட கதைதான். அதனால் இந்த முறை ஒரே நிபந்தனை: ரெண்டு வருஷமாவது ஒரே போனை வைத்திருப்பவர்கள் மட்டும் சொல்லுங்கள். என்ன பழுது வந்தது, எவ்வளவு செலவானது? எத்தனை மெகாபிக்சல் என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். பட்ஜெட் 20,000.

திருச்சி, மொபைல் சர்வீஸ் கடைக்காரர்:

பதினாலு வருஷமாகப் போனைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். கம்பெனி பெயர் கேட்காதீர்கள். ஒரே கம்பெனியில் ஒரு மாடல் குதிரை, இன்னொன்று கழுதை. என் மேசைக்கு வருவதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

பச்சைக் கோடு எல்லாம் அமோலெட் திரையில்தான் பார்த்திருக்கிறேன். சாதா எல்சிடியில் ஒன்றுகூட வந்ததில்லை. நிறம் கொஞ்சம் மங்கல், வெயிலில் தெரியாது, சரி. ஆனால் உடைந்தால் காம்போ விலை பாதிகூட இருக்காது.

குறைந்த விலைப் போன்களில் வேறு வியாதி. முதல் வருஷம் நன்றாக ஓடும், அப்புறம் வாட்ஸ்அப் திறக்கவே மூச்சு வாங்கும். பல நேரம் ஸ்டோரேஜ்தான் காரணம். இஎம்எம்சி வகை மெதுவானது, நிரம்ப நிரம்ப இன்னும் படுத்துவிடும். யூஎஃப்எஸ் இருக்கிறதா என்று பாருங்கள். "8 ஜிபி + 8 ஜிபி ரேம்" என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பான். பின்னால் வருகிற 8 ரேம் இல்லை, ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது.

அப்புறம் இந்த ஐபி68, தூசும் தண்ணீரும் போகாது என்கிற குறியீடு. போன சீசனில் ஒரு பையன் குற்றாலத்தில் அருவிக்கு நேராகப் போனை நீட்டி வீடியோ எடுத்திருக்கிறான், "தண்ணி போகாதுன்னு போட்டிருக்கே அண்ணே" என்கிறான். சிம் தட்டை உருவி உள்ளே டார்ச் அடித்துக் காட்டினேன். அங்கே குட்டியாக ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும், ஈரம் பட்டால் சிவப்பாகும். அவன் போனில் குங்குமம் மாதிரி இருந்தது. சர்வீஸ் சென்டரில் முதலில் பார்ப்பது அதைத்தான். அந்தச் சோதனை ஆய்வுக்கூடத்தில் நிலையான நல்ல தண்ணீரில் செய்வது. அருவியின் வேகத்துக்கும் சோப்புத் தண்ணீருக்கும் அது பொருந்தாது. தண்ணீர் போனால் வாரண்டியும் கிடையாது.

வாங்குவதற்கு முன் உங்கள் ஊர்க் கடையில் ஒன்று மட்டும் கேளுங்கள்: "இந்த மாடலுக்குக் காம்போ கைவசம் இருக்கா, என்ன விலை?" உடனே எடுத்துக் காட்டினால் நிறைய விற்ற மாடல், பயமில்லை. "ஆர்டர் போட்டு வரணும்" என்றால் யோசியுங்கள்.

கொல்லிமலையிலிருந்து:

மலையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்களுக்கு பிஎஸ்என்எல் தான். அவர்களுடைய 4ஜி, 700 மெகாஹெர்ட்ஸிலும் வருகிறது, அதாவது பேண்ட் 28 என்கிற அலைவரிசை. என் போனில் அந்த பேண்டே இல்லை என்பது வாங்கிய பிறகுதான் தெரிந்தது. அதே திண்ணையில் உட்கார்ந்து என் வீட்டுக்காரி அவள் தங்கையோடு வீடியோவில் பேசுகிறாள், நான் வாசலுக்கும் கொல்லைக்கும் நடக்கிறேன். போன் மூன்று வருஷமாக ஒரு பழுதும் இல்லாமல் நன்றாகத்தான் இருக்கிறது, பேசத்தான் முடியவில்லை.

சென்னை, தாம்பரம்:

அப்பாவுக்கு ஒரு கடையில் "சீல் பிரிக்காத பெட்டி, ஆஃபர் விலை" என்று வாங்கினேன். ஒன்பதாவது மாதம் சார்ஜ் ஏறவில்லை. சர்வீஸில் பார்த்தால் வாரண்டி முடிந்துவிட்டதாம். அந்தப் போனை எங்கள் பில் தேதிக்கு ஐந்து மாதம் முன்பே யாரோ ஆன் செய்திருக்கிறார்கள். இப்போதெல்லாம் பெட்டியைக் கடையிலேயே பிரிக்கச் சொல்லி, *#06# அடித்து, வரும் ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்தப் போனுக்கே உரிய 15 இலக்க அடையாள எண்ணைப் பெட்டியோடும் பில்லோடும் ஒத்துப் பார்க்கிறேன். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, இடம் விட்டு அந்த எண்ணைப் போட்டு 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், எந்த மாடல் என்று அரசின் பதிவிலிருந்தே பதில் வரும். திருட்டுப் போன் என்று முடக்கியிருந்தாலும் தெரிந்துவிடும்.

ஸ்ரீபெரும்புதூர்:

நான் நோக்கியா ஆலையில் இருந்தவன். 2006இல் தொடங்கி 2014 நவம்பரில் மூடினார்கள். அம்மாவிடம் இன்னும் 1100 இருக்கிறது. கரண்ட் போனால் அதன் டார்ச்சைத்தான் தேடுவாள். பேட்டரியை நகத்தால் நெம்பி மாற்றிவிடலாம், இப்போது போல் பசை போட்டு ஒட்டிய மூடி இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் எல்லாமே தங்கம் என்று சொல்ல மாட்டேன். அந்த 1100இல் போடும் பிஎல்-5சி வகை பேட்டரியில் 4 கோடியே 60 லட்சம் சூடாகலாம் என்று 2007இல் நோக்கியாவே அறிவித்து மாற்றித் தந்தது.

கோவில்பட்டிக்காரர்:

எல்லோருக்கும் நன்றி. வாங்கிவிட்டேன்.

எங்கள் தெரு மாவு மில் அக்காவின் போன் ரெண்டரை வருஷமாக மில்லுக்குள்ளேயே கிடக்கிறது. வாங்கிப் பார்த்தேன். ஸ்பீக்கர் ஓட்டையெல்லாம் அரிசி மாவு, ஒரு மூலை உடைந்திருக்கிறது. "வாரத்துக்கு ஒருக்கா பழைய பிரஷ்ஷால தேச்சு விட்டுருவேன் தம்பி, வேற ஒண்ணும் செஞ்சதில்ல" என்றார். எல்சிடி திரை. காம்போ விலை கேட்டேன், கடைக்காரர் 1,900 என்று சொல்லி அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்தே காட்டினார்.

ஒரே சிக்கல், அந்த மாடல் இப்போது வருவதில்லை. ரெண்டு வருஷம் தாங்கியது என்று தெரிவதற்குள் கடையிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். அதே வரிசையில் அடுத்து வந்ததை 16,500க்கு எடுத்தேன், எஸ்எம்எஸ் அனுப்பிப் பார்த்த பிறகுதான் காசு கொடுத்தேன். இது எப்படி என்று என்னிடம் இப்போது கேட்காதீர்கள், வந்து ஒன்பது நாள்தான் ஆகிறது.

பழைய போன் பையனிடம் இருக்கிறது. நேற்று மூன்றாவது கோடு வந்துவிட்டதாம்.