புதுப்பிப்பு: கேம்பர் வேன் டயர் உரிந்த கதை

காலி நகருக்குப் போகும் வழியில், தெற்கு அதிவேகப் பாதையில் எங்கள் கேம்பர் வேனின் பின் டயர் உரிந்து மட்கார்டைக் கிழித்ததைப் போன மாதம் எழுதியிருந்தேன். டயரின் காடி (தரையில் படும் பக்கத்திலுள்ள பள்ளம்) ஆழமாக இருந்ததே, பிறகு ஏன் உரிந்தது என்று கேட்டிருந்தீர்கள்.

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் காட்டினேன். கடை அண்ணா காடியைப் பார்க்கவேயில்லை. வேனுக்கு அடியில் படுத்து, மற்றப் பின் டயரின் உள்பக்கச் சுவரில் நாலு இலக்கம் தேடினார்: 2314. அதாவது 2014ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. ஓடாமல் வெள்ளவத்தை வெயிலில் நின்றாலும் ரப்பர் முதிர்ந்துவிடும். உரிந்த டயரில், உள்ளே கம்பிப் பட்டைக்கும் ரப்பருக்கும் நடுவே என் விரலே நுழைந்தது. போதாததற்குத் தண்ணீர்த் தாங்கி, காஸ், கட்டில் என்று பாரம்; காற்றும் குறைவு. அப்படி ஓடினால் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறும்.

நாலையும் மாற்றினேன். ஸ்பேரிலும் அதே 2314. அதையும் தூக்கிப் போட்டாயிற்று. உங்களுடையதையும் தயவுசெய்து இன்றைக்கே பாருங்கள்.