மொரிஷியஸின் இல் தாம்ப்ர் தீவுக்குக் கயாக் (சிறு துடுப்புப் படகு) பயணம்: கடலில் உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்

ரோஸ்ஹில் அக்கா:
போன ஆகஸ்ட்டில் நடந்தது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. பூத்ர் தோர் கிராமத்திலிருந்து குடும்பமாகக் கிளம்பினோம், 9 கயாக். கண்டல் மரங்களுக்குள் புகுந்து போனது, தீவில் சாப்பிட்டது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, அதை விடுங்கள். போகும்போது தென்கிழக்குக் காற்று முதுகில் இருந்ததால் யாருக்கும் கை வலிக்கவில்லை, அதை நம்பி மதியம் 2 மணி வரை தீவிலேயே இருந்துவிட்டோம், திரும்பும்போது அதே காற்று முகத்தில். கைடு முன்னால் போய்விட்டார். கடைசிக் கயாக்கில் என் தங்கையும் சித்தி பையனும். திரும்பிப் பார்க்கிறேன், தங்கை துடுப்பை மடியில் குறுக்கே போட்டுவிட்டு உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், கொப்புளம் உடைந்து தோல் தொங்குகிறது, கயாக் பக்கவாட்டில் திரும்பி அலை உள்ளே விழுகிறது. கத்தினேன், கேட்கவில்லை.

ஒரு மீனவப் பெரியவர் பிரோக்கில் (மீன்பிடிப் படகில்) வந்து கயிறு கட்டி இழுத்தார். என் பக்கத்தில் வந்ததும் க்ரியோல் மொழியில், மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டார். 16 என்றேன், இல்லை 18 என்றேன். அவர் எஞ்சினை நிறுத்தி, எழுந்து நின்று, விரலை நீட்டி ஒவ்வொரு தலையாக எண்ணினார். 17. நான்தான் மூத்தவள், எனக்குத் தெரியவில்லை.

கிராண்ட் பே:
அக்கா, நீங்கள் பயந்தது புரிகிறது, ஆனால் பவளத்திட்டுக்கு உள்ளே பல இடத்தில் இடுப்பளவு தண்ணீர்தான், இறங்கி நின்றிருக்கலாம். எனக்கும் ஒருமுறை கவிழ்ந்தது, கயாக்கைப் பிடித்துக்கொண்டே இருந்தேன், ஒன்றும் ஆகவில்லை. இனிமேல் போகிறவர்கள் கவனியுங்கள்: ஆகஸ்ட் மாதிரிக் குளிர்காலத்தில் காலை 8 மணிக்கே தண்ணீரில் இருங்கள், வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். முதலில் காற்றை எதிர்த்துப் போய், களைத்த பிறகு காற்றோடு திரும்புகிற மாதிரி வழியைப் போடச் சொல்லுங்கள். கை பலமுள்ள ஒருவர் கடைசியில் வரவேண்டும், கழுத்தில் விசில் கட்டாயம். எதிர்க்காற்றில் கயாக்கின் மூக்கைக் காற்றுப் பக்கம் வைத்தே துடுப்புப் போடுங்கள், பக்கவாட்டில் விட்டால் கவிழலாம். யாராவது சோர்ந்தால் இரண்டு கயாக்கை ஒட்டிப் பிடித்து நில்லுங்கள். துடுப்பை இறுக்கிப் பிடிக்காதீர்கள், கொப்புளம் அதனால்தான் வரும்.

மாயேபூர் தம்பி:
எனக்கு மறக்காதது வேறு. 2020 ஜூலை 25 அன்று வகாஷியோ கப்பல் எங்கள் தென்கிழக்குக் கரையில், புவாந்த் தெஸ்னிக்கு வெளியே பவளத்திட்டில் ஏறியதும், ஆகஸ்ட்டில் எண்ணெய் கசிந்ததும் எல்லோருக்கும் தெரியும். எண்ணெயைத் தடுத்து உறிஞ்சக் கரும்புச் சருகை அடைத்து நாமே மிதவை தைத்தோமே, அதற்கு என் அம்மா முடியை வெட்டிக் கொடுத்தார். அப்புறம் ரொம்ப நாள் கழித்து நண்பர்களோடு கயாக்கில் போனபோது ஒரு கண்டல் வேரில் துடுப்பை ஊன்றித் தள்ளினேன், சேறு கலங்கி அந்த டீசல் வாடை வந்தது, தண்ணீரில் வானவில் மாதிரி ஒரு படலம் விரிந்தது. எல்லோரும் துடுப்பை நிறுத்திவிட்டோம். எதிரே இல் ஓ செக்ரெத் தீவு, அங்கே ஆமைகளும் இளஞ்சிவப்புப் புறாக்களும் இருக்கின்றன என்று அதுவரை பேசிக்கொண்டு வந்தவர்கள்.

குட்லண்ட்ஸ்:
கிராண்ட் பே நண்பரே, இறங்கி நில் என்று தயவுசெய்து எழுதாதீர்கள். நான் அதே இடத்தில் வெறுங்காலோடு இறங்கினேன், குதிகாலில் கடல் முள்ளெலி முள் ஏறி இரண்டு வாரம் நொண்டினேன். விஷ முள் உள்ள கல்மீனாக இருந்திருந்தால்? திட்டு இடைவெளிப் பக்கம் ஆழம் சட்டென்று மாறும், நீரோட்டம் வெளியே இழுக்கும். 1744-ல் சேன் ஜெரான் என்ற பிரெஞ்சுக் கப்பல் உடைந்ததும் இந்தத் திட்டில்தான், அதில் இருந்த ஏறக்குறைய எல்லோரும் இறந்துபோனார்கள். அக்கா கத்தியது சரிதான்.

ரோஸ்ஹில் அக்கா:
நன்றி தம்பிகளா. ஒன்று கேட்கத்தான் திரும்ப வந்தேன். அந்தப் பெரியவரின் பிரோக் பச்சை நிறம், முன்பக்கம் சின்னதாக வேல் வரைந்திருந்தது. பூத்ர் தோர் பக்கம் யாருக்காவது தெரியுமா? அவர் கட்டிய கயிறு எங்கள் கயாக்கோடு வந்துவிட்டது, இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது.